நின்றால் பாதுகாப்பு என்பது தரையின் கணக்கு

"காரில் லட்சம் கிலோமீட்டர் தேறின இன்ஜெக்‌ஷன், விமானத்தில் தேறாதா?" கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து அம்பத்தூர், பாடி வரைக்கும் எஞ்சின் வேலை தெரிந்தவர்களிடம் சொந்தமாக விமானம் கட்டுவது பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்விதான் பதிலாக வருகிறது. ஏரோநாட்டிகல் படிக்கும் மாணவர்களும் இதையே சொல்கிறார்கள். எஞ்சின் வேன்கல் ரோட்டரி என்றால் நம்பிக்கை இன்னும் ஒரு படி ஏறிவிடுகிறது: ரோட்டரி நிற்காது, இன்ஜெக்‌ஷன் ஏமாற்றாது, இரண்டையும் சேர்த்து மாட்டினால் கவலையே இல்லை.

இந்தக் கருத்து தவறு. ஆள் சாகக்கூடிய தவறு. ஆனாலும் இதைச் சொல்பவர்கள் விவரம் இல்லாதவர்கள் அல்ல என்பதால், அவர்கள் பக்க வாதத்தை முதலில் முழுதாக வைக்கிறேன்.

மாஸ்டாவின் 13பி எஞ்சினில் வால்வு கிடையாது, கேம்ஷாஃப்ட் கிடையாது, கனெக்டிங் ராட் கிடையாது. உள்ளே சுழல்பவை மூன்றே: இரண்டு ரோட்டார், ஒரு எக்சென்ட்ரிக் ஷாஃப்ட். 1,308 சிசி அளவில் 160 குதிரைத்திறனுக்கு மேல் கொடுக்கிறது. பிஸ்டன் எஞ்சினில் ராட் உடைந்தால் எஞ்சினே வெடித்துத் திறந்துகொள்ளும். ரோட்டரியில் ரோட்டாரின் முனையை அடைக்கும் ஏபெக்ஸ் சீல் ஒன்று போனாலும் மற்ற ரோட்டார் ஓரளவு இழுத்துக்கொண்டு போகும். 1991இல் பிரான்சின் லே மான் பந்தயத்தில் நான்கு ரோட்டார் வைத்த மாஸ்டா 787பி 24 மணி நேரம் ஓடி முதலில் வந்தது. நம் நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. நிஷாந்த் ஆளில்லா விமானத்துக்காக இங்கேயே உருவான 55 குதிரைத்திறன் வேன்கல் எஞ்சின் 2009 மார்ச் 29 அன்று கோலாரில் பறந்தது. எஞ்சினின் எடை சுமார் 30 கிலோ.

இன்ஜெக்‌ஷனுக்கும் நியாயம் இருக்கிறது. கடற்கரை ஈரக்காற்றில், வெளியே 25 டிகிரி இருக்கும்போதுகூட கார்புரேட்டரின் தொண்டையில் பனி கட்டி எஞ்சின் மூச்சுத் திணறும். இன்ஜெக்‌ஷனில் அந்தத் தொல்லை இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 வந்தபின் நம் தெருவில் ஓடும் புது பைக்கில் பெரும்பாலானவை இன்ஜெக்‌ஷன்தான். எத்தனை பேர் வழியில் நிற்கிறார்கள்?

இவ்வளவும் உண்மை. இவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் பொய்.

1. காரின் இன்ஜெக்‌ஷன் எதற்காகக் கட்டப்பட்டது என்று யாராவது கேட்டார்களா?

சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதற்காகக் கட்டப்பட்டது. கார் மோதினால் பெட்ரோலை வெட்டு. பைக் சாய்ந்து விழுந்தால் எஞ்சினை அணை. அதற்கென்றே ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. சாவியின் சிப் அடையாளம் தெரியவில்லையா, ஸ்டார்ட் ஆக விடாதே. கிராங்க் சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லையா, ஓரிரு விநாடியில் பம்ப் ரிலேயைத் திற. ஏதோ ஒரு அளவு ஒத்துவரவில்லையா, சக்தியைக் குறைத்து வண்டியை ஓரம் கட்டவை.

விசைத்தறி ஊரான பொதட்டூர்பேட்டையில் பிறந்த எவருக்கும் இதன் அருமை தெரியும். விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்கும். நிற்காமல் ஓடினால் துணி பாழ். தறிக்கு நிற்பதுதான் பாதுகாப்பு, காருக்கும் அப்படியே. ஐந்நூறு அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருக்கும் ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு நிற்பதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. அந்த உயரத்தில் எஞ்சின் அணைந்தால் விமானிக்குக் கையில் ஒரு நிமிடம்கூட இருக்காது. திரும்ப ஓடுபாதைக்கு வர முடியாது. எதிரே தெரிவதில் இறங்க வேண்டும், அது ஏரியோ வயலோ மின்கம்பியோ.

ஆகவே காரில் லட்சம் கிலோமீட்டர் தேறியது என்று சொல்லும்போது எது தேறியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நிற்கவேண்டிய நேரத்தில் ஒழுங்காக நிற்கும் திறனும் சேர்ந்துதான் தேறியிருக்கிறது. அந்தத் திறனைத்தான் நீங்கள் மேலே தூக்கிக்கொண்டு போகிறீர்கள். எஞ்சினை ஆளும் கணினியான அந்த ஈசியூவுக்குள் எந்தெந்த நிபந்தனையில் பெட்ரோலை வெட்டச் சொல்லி எழுதியிருக்கிறது என்பதை வாங்கியவர் ஒருவர்கூட முழுதாகப் படித்திருக்க மாட்டார். படிக்கவும் முடியாது, அது கம்பெனியின் ரகசியம்.

2. மூன்று உறுப்புகள்தான் சுழல்கின்றன என்றால், விமானம் பறப்பது அந்த மூன்றால் மட்டுமா?

எண்ணிக்கையைச் சரியாகப் போடுவோம். பழைய பயிற்சி விமானங்கள் பலவற்றில் இறக்கையில் டேங்க், கீழே கார்புரேட்டர். பெட்ரோல் புவியீர்ப்பில் இறங்கும். தீப்பொறிக்கு மேக்னெட்டோ, அது தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றி வீசினாலும் எஞ்சின் ஓடும். இன்ஜெக்‌ஷன் மாட்டிய 13பியில் பம்புக்கு மின்சாரம், இன்ஜெக்டருக்கு மின்சாரம், இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம், இவற்றையெல்லாம் ஆட்டிவைக்கும் ஈசியூவுக்கு மின்சாரம் வேண்டும். கூட்டினால் 10 முதல் 15 ஆம்பியர் தொடர்ந்து இழுக்கும். ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்தால் சிறிய பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

அதாவது வால்வையும் கேமையும் எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் ரிலே, ஃபியூஸ், கனெக்டர், பெல்ட், எர்த் போல்ட் என்று இருபது முப்பது உறுப்புகளை எஞ்சினுக்கு உயிர்நாடியாக்கியிருக்கிறோம். இவை சுழலவில்லை என்பதால் எண்ணிக்கையில் வரவில்லை. ரோட்டரி நிற்காது என்பது பெரும்பாலும் உண்மை. பெட்ரோலும் தீப்பொறியும் இல்லாமல் போனால் அந்த நிற்காத எஞ்சினும் நிற்கும். நம்பகம் எஞ்சினுக்குள் கூடக் கூட, பலவீனம் எஞ்சினுக்கு வெளியே குடிபோகிறது. கவனம் மட்டும் இன்னும் எஞ்சினிலேயே நிற்கிறது.

நிஷாந்தை உதாரணம் காட்டுபவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். அந்த எஞ்சினின் மையப் பகுதியை பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகம் செய்தது. எரிபொருள் அமைப்பையும் இக்னிஷனையும் உருவாக்கும் வேலையை அன்று அகமத்நகர் எனப்பட்ட ஊரில் உள்ள விஆர்டிஇ என்ற இன்னொரு ஆய்வு நிறுவனம் தனியாக எடுத்துச் செய்தது. ஒரு முழு நிறுவனம் உட்கார்ந்து செய்யும் அளவுக்கு அது தனி வேலை. நீண்ட தரைச் சோதனை ஓட்டத்துக்குப் பிறகே பறக்க அனுமதி கிடைத்தது. நிஷாந்தில் ஆள் கிடையாது. அது பாராசூட்டில் இறங்கும் விமானம். அங்கே எஞ்சின் நின்றால் போவது ஒரு கருவி.

3. இரண்டு பம்ப் போட்டிருக்கிறோம் என்கிறார்கள். நல்லது, எர்த் எத்தனை?

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஷெட்டில் ஒரு மாணவர் குழு ஸ்டாண்டில் எஞ்சின் ஓட்டிக் காட்டினார்கள். பைக் எஞ்சின், இன்ஜெக்‌ஷன். இறக்கை கட்டும் ஆசை அடுத்த கட்டம். "அண்ணே, ரெண்டு பம்ப், ரெண்டு ஃபியூஸ், ரெண்டு ஸ்விட்ச். ஒண்ணு போனா இன்னொண்ணு" என்றார் அவர்களில் ஒரு பையன், பெருமையோடு. பெருமைக்குத் தகுதியான வேலைதான். கிரிம்ப் ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது. இரண்டு பம்பின் கறுப்பு ஒயரும் ஓடிப்போய் ஒரே ரிங் டெர்மினலில், பெயின்ட் அடித்த சட்டத்தில் இறுக்கிய ஒரே 6 எம்எம் போல்ட்டில் சேர்ந்தன. அதிர்வில் அந்த ஒரு போல்ட் தளர்ந்தால் இரண்டு பம்பும் ஒரே நொடியில் போகும். நான் காட்டியதும் அன்றே மாற்றினார்கள். நான் அங்கே போனது தற்செயல்.

இரட்டையாகப் போடுவது என்பது கடையில் இரண்டு வாங்குவதோடு முடிவதில்லை. இரண்டு பம்பும் ஒரே பில்டரிலிருந்து உறிஞ்சினால் அது ஒரு பம்ப்தான். குப்பை அடைத்தால் இரண்டும் பட்டினி. ஒரே பஸ்பாரிலிருந்து இரண்டு ஃபியூஸ் எடுத்தால் அது ஒரு மின்வழிதான். பக்கத்துப் பக்கத்தில் பம்ப் வைத்து நடுவில் திரும்பாத வால்வு போடவில்லை என்றால், ஓடாத பம்பின் வழியே அழுத்தம் திரும்பி ஓடிவிடும். இரண்டு ஈசியூவுக்கு ஒரே கிராங்க் சென்சார் என்றால் அந்த சென்சார் போகும் நாளில் இரண்டு ஈசியூவும் குருடு.

சரியாகச் செய்வது எப்படி என்பது ஒன்றும் மர்மம் இல்லை. 2012இல் ரோட்டாக்ஸ் கொண்டுவந்த 912 ஐஎஸ் எஞ்சினில் ஈசியூ இரண்டு தனித்தனி வழிகளாக இருக்கிறது, எஞ்சினுக்குள்ளேயே இரண்டு ஜெனரேட்டர் இருக்கின்றன, அவற்றில் ஒன்று எஞ்சினை ஓடவைப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. விமானத்தின் விளக்கு, ரேடியோ எதுவும் அதைத் தொட முடியாது. நம் ஹன்சா-என்ஜி விமானத்தில் இருப்பது இந்த வகை எஞ்சின்தான். 2022 பிப்ரவரியில் அது பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறந்து வந்து, மார்ச் தொடக்கத்தில் கடல்மட்டச் சோதனைகளை முடித்தது. அதே ஆண்டு மே 17 அன்று சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரேயில் 7,000 அடிக்கு மேல் எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தி, காற்றாடியை நிற்கவைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். இரட்டை ஈசியூ, இரட்டை ஜெனரேட்டர் இருந்தும் அதை நம்பி உட்கார்ந்துவிடவில்லை. நின்றால் என்ன ஆகும் என்பதைப் போதுமான உயரத்தில், அனுபவம் உள்ள சோதனை விமானிகளை வைத்துப் பார்த்தார்கள். வீட்டில் விமானம் கட்டுபவர் அதில் பத்தில் ஒரு பங்காவது செய்ய வேண்டாமா?

4. டேங்கில் பெட்ரோல் இருந்தால் எஞ்சினுக்குப் போய்ச் சேரும் என்று யார் சொன்னது?

காரில் ஒரு டேங்க். பம்ப் அதற்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும். சிறிய விமானத்தில் இடது இறக்கையில் ஒரு டேங்க், வலது இறக்கையில் ஒன்று, நடுவில் செலக்டர் வால்வு, பம்ப் எஞ்சின் பக்கம். இந்த ஒரு வித்தியாசத்தால் இரண்டு ஆபத்துகள் பிறக்கின்றன. இரண்டும் எவரும் பேசாதவை, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது சூடு. பம்ப் தள்ளும் பக்கம் சுமார் 3 பார் அழுத்தம் இருப்பதால் அங்கே ஆவி பிடிக்காது. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைகிறது. அங்கே குழாய் சூடாக இருந்தால் பெட்ரோல் ஆவியாகி பம்ப் வெறும் நுரையை அரைக்கும். வேன்கல் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பம் 900 டிகிரியைத் தொடும், பிஸ்டன் எஞ்சினைவிட அதிகம். மே மாதம் ஓடுபாதையில் 42 டிகிரி. இறங்கி கால் மணி நேரம் நிறுத்திவைத்தால் எஞ்சின் மூடியான கௌலிங்குக்குள், காற்றோட்டம் இல்லாமல், குழாய், பம்ப், ரெயில் எல்லாம் வேகும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் பிடிக்கும், ஓடும், முழு த்ராட்டில் கொடுத்து ஏறும்போதுதான் எஞ்சினுக்கு அத்தனை பெட்ரோல் தேவைப்படும். ஜப்பானிலோ ஐரோப்பாவிலோ சரியாக ஓடிய அமைப்பு என்ற சான்றிதழ் திருவள்ளூர் வெயிலுக்குச் செல்லாது. பம்பை டேங்க் மட்டத்துக்குக் கீழே, எஞ்சினைப் பிரிக்கும் தடுப்பான ஃபயர்வாலுக்கு விமானி பக்கம், குளிர்ந்த இடத்தில் வைத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது ரிட்டர்ன் குழாய். கார் பம்ப் மணிக்கு 150 லிட்டர் தள்ளுகிறது என்று வைப்போம். சீராகப் பறக்கும்போது 13பி குடிப்பது 35 லிட்டர். மீதி 115 லிட்டர் டேங்குக்குத் திரும்ப வேண்டும். எந்த டேங்குக்கு? கட்டியவர் சுலபமாக இருக்கிறதென்று ரிட்டர்னை வலது டேங்கில் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டார். விமானி இடது டேங்கைத் தேர்ந்தெடுத்துப் பறக்கிறார். இடதில் 70 லிட்டர். அவர் முன்னால் இருக்கும் திரை, இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தை வைத்து மணிக்கு 35 லிட்டர் என்று காட்டுகிறது. இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று நினைக்கிறார். உண்மையில் இடது டேங்கிலிருந்து மணிக்கு 150 லிட்டர் போய்க்கொண்டிருக்கிறது. 28 நிமிடத்தில் அது காலி. வலது டேங்க் ஏற்கெனவே நிறைந்திருந்தால் திரும்பிய பெட்ரோல் வென்ட் வழியாக வானில் கொட்டிவிட்டது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, ஈசியூவில் ஒரு குறையும் இல்லை, பம்ப் அற்புதமாக வேலை செய்தது. எடுக்கும் டேங்குக்கே திருப்பி அனுப்பும் இரட்டை வால்வு வேண்டும், அல்லது நடுவில் ஒரு சிறிய சேர்ப்பு டேங்க் வேண்டும். கார் மெக்கானிக்கின் வாழ்நாள் அனுபவத்தில் இந்தப் பிரச்சினை ஒருமுறைகூட வந்திருக்காது. காரில் இது கிடையவே கிடையாது.

5. பங்க்கில் என்ன ஊற்றுகிறார்கள் என்று பார்த்தீர்களா?

20 விழுக்காடு எத்தனால். எத்தனால் தன்னோடு ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு அளவு வைத்த ஈசியூவின் எரிபொருள் அட்டவணையில், அதாவது மேப்பில், இதை ஊற்றினால் கலவை சுமார் 7 விழுக்காடு மெலியும். காரில் ஆக்சிஜன் சென்சார் இதைச் சீராக ஓடும்போது திருத்திக்கொள்ளும். முழு த்ராட்டிலில் பெரும்பாலான ஈசியூக்கள் சென்சாரைக் கேட்பதில்லை, மேப்பில் உள்ளதைத்தான் கொடுக்கும். விமானம் முழு த்ராட்டிலில் இருப்பது எப்போது? கிளம்பி ஏறும்போது.

மெலிந்த கலவையை வேன்கல் எப்படித் தாங்கும் என்பதை அதன் வேலைமுறையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ரோட்டார் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றும். ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ரோட்டாருக்கும் ஒரு வெடிப்பு. 6,000 ஆர்பிஎம்மில் இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் இடைவெளி 10 மில்லி விநாடி, நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் எஞ்சினில் கிடைப்பதில் பாதி. அதனால்தான் ரோட்டாருக்கு இரண்டு இன்ஜெக்டர்: குறைந்த சுமையில் ஒன்று, சுமை ஏறியதும் இரண்டாவதும் சேரும். இரண்டாவது சேராமல் போனால் சும்மா ஓடும்போது தெரியவே தெரியாது. தரையில் ஐடிலில் தேன் போல ஓடும். முழு சக்தி கேட்கும் நொடியில் கலவை மெலிந்து, கட்டுப்பாடின்றி வெடிக்கும் டெட்டனேஷன் அடிக்கும், ஏபெக்ஸ் சீல் சிதறும். எதையும் தாங்கும் எஞ்சின் என்று பெயரெடுத்த ரோட்டரிக்கு எமன் இந்த டெட்டனேஷன்தான். இதோடு எத்தனால் நீரை இழுக்கிறது. சில ரப்பர் சீல்களையும் ஃபைபர் டேங்கின் சில ரெசின்களையும் அரிக்கிறது. அரித்து உதிர்வது நேராக பில்டருக்குப் போகும். மூன்றாவது பகுதியில் சொன்ன ஒரே பில்டர் ஞாபகம் இருக்கட்டும்.

6. "அமெரிக்காவில் பறக்கிறார்களே!"

பறக்கிறார்கள். ஃபுளோரிடாவில் ட்ரேசி குரூக் ஆர்வி-4 விமானத்தில் 13பி மாட்டிப் பல ஆண்டுகள் பறந்தார். ஆனால் அவர் காரின் ஈசியூவை அப்படியே மாட்டிக்கொண்டு பறக்கவில்லை. ஒன்று போனால் ஸ்விட்சைத் தட்டி மற்றொன்றுக்கு மாறும் இரட்டைக் கட்டுப்பாட்டுக் கருவியை விமானத்துக்கென்றே தானே வடிவமைத்தார். பிறருக்கும் செய்து கொடுத்தார். இவர்கள் சாட்சிக்கு அழைக்கும் ஆளே என் பக்கத்துச் சாட்சி. லே மான் வெற்றியும் இப்படித்தான்: 787பி அந்த 24 மணி நேரத்தில் பலமுறை பிட்டுக்குள் வந்து நின்று, பெட்ரோல் ஊற்றி, பார்த்துச் சரிசெய்துகொண்டு போன வண்டி. வானில் பிட் கிடையாது.

7. இவ்வளவு கேட்டால் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை எப்படி விமானம் கட்டுவான்?

இந்தக் கேள்வி என்னைத் தொடுகிறது, மற்றவை தொடவில்லை. 1910இல் மெட்ராஸில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் பட்டறையில் விமானம் கட்டிப் பறக்கவிட்டார். வாய் பேசாத, காது கேளாத தொடுபுழா சஜி தாமஸ் தானே கட்டிய சிறு விமானம் நெல்லைப் பக்கம் மணிமுத்தாறில் பறந்தது. மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டி, பல ஆண்டுகள் அலைந்து 2017இல் பதிவெண் வாங்கினார். இந்த ஆசையை அணைப்பது என் நோக்கம் இல்லை. கார்புரேட்டருக்கே திரும்பிப் போங்கள் என்றும் சொல்லவில்லை.

செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது எர்த் ஒயர், இரண்டாவது பில்டர், இரண்டாவது கிராங்க் சென்சார், தனி பேட்டரி, திரும்பாத வால்வு. சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. அதிகம் தேவைப்படுவது நேரமும் தாளும்: ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் எழுதி, இது மட்டும் போனால் எஞ்சின் நிற்குமா என்று எதிரே எழுதும் பொறுமை. ஆவடியில் டாங்கி எஞ்சின் செய்யும் திருவள்ளூர் மாவட்டம் இது. ஒயரிங்கும் பம்பும் சென்சாரும் அறிந்த கைகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. திறமை இல்லாமல் யாரும் இங்கே தவறவில்லை. காரில் தேறியது போதும் என்ற நம்பிக்கை அந்தத் திறமையைக் கேள்வி கேட்கவிடாமல் தடுக்கிறது. அதன் விளைவாக ஒரு விமானம் விழுந்தால் ஓர் உயிரோடு நிற்காது. சொந்தமாக விமானம் கட்டும் அத்தனை பேருக்கும், அனுமதி தரும் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏவின் கதவு சாத்தப்படும்.

ஆகவே இன்ஜெக்‌ஷன் மாட்டிய விமானம் கட்டும் ஒவ்வொருவரிடமும் அனுமதி தரும் அதிகாரியும், கல்லூரியில் வழிகாட்டும் ஆசிரியரும் கேட்கவேண்டியது ஒன்று. விமானத்தின் வாலைக் கயிற்றால் கட்டுங்கள். பங்க்கில் கிடைக்கும் அதே பெட்ரோலை ஊற்றுங்கள். மே மாத மத்தியானத்தில், எஞ்சினை ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி கால் மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து முழு த்ராட்டில் கொடுங்கள். அந்த நிலையில் ஆல்டர்னேட்டரை அணையுங்கள். ஒரு பம்பின் ஃபியூஸை உருவுங்கள், திரும்ப மாட்டி மற்றதை உருவுங்கள். ஒரு ஈசியூவின் மின்சாரத்தை வெட்டுங்கள். ஒரு கிராங்க் சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். முதன்மை பேட்டரியின் இணைப்பைத் துண்டியுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம், ஒவ்வொன்றும் லாக் புத்தகத்தில் கையெழுத்தோடு. இவற்றில் ஒன்றில் எஞ்சின் நின்றாலும் அந்த விமானத்தின் கயிற்றை அவிழ்க்கக் கூடாது.